காரின் எரிபொருள் பம்பும் எஞ்சினின் வளரும் தேவையும்

மோட்டார் வாகனங்களின் தொடக்ககாலத்தில் எரிபொருள் பம்பு இல்லாமலேயே பல கார்கள் ஓடின. 1908இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டாங்க் முன்னிருக்கையின் அடியில் இருந்தது; அங்கிருந்து பெட்ரோல் புவியீர்ப்பால் இறங்கி, அதைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை அடைந்தது. டாங்கில் பெட்ரோல் குறைந்திருக்கையில் செங்குத்தான மேடு ஏறினால், காரின் முன்பக்கம் உயர்ந்து கார்புரேட்டர் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே போய்விடும் என்பதால், ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டியே மேடேறினர்.

டாங்க் காரின் பின்பகுதிக்குச் சென்றபோது, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே பெட்ரோலை இழுக்கும் வெற்றிடத் தொட்டி வழக்கத்துக்கு வந்தது. ஆனால் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தினால் அந்த வெற்றிடம் குறைந்துவிடும். நீண்ட ஏற்றத்தில், பெட்ரோல் மிகுதியாக வேண்டிய நேரத்திலேயே வரத்து நின்றது.

இந்தக் குறையை நீக்கியது எஞ்சினின் கேம் தண்டு அசைத்து இயக்கும் டயஃப்ரம் பம்பு. 1932இல் வந்த ஃபோர்டு வி8 எஞ்சினிலும் இத்தகைய பம்பே இருந்தது. கேம், டயஃப்ரம் எனப்படும் நெகிழ்சவ்வை இழுத்துப் பெட்ரோலை உள்ளே வாங்கும். சுருள்வில் அதைத் திரும்பத் தள்ளும். ஆகவே அழுத்தத்தை முடிவுசெய்வது வில்லின் வலிமையே. இந்த எஞ்சின்களின் திறனைக் கூட்ட முயன்ற அமெரிக்க இளைஞர்கள் இரண்டு மூன்று கார்புரேட்டர்களைப் பொருத்தினர். அவர்கள் விரும்பிய ஸ்ட்ராம்பெர்க் 97 ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ அழுத்தத்தையே தாங்கும் என்பதால், அதிக அழுத்தமுள்ள பம்பை மாட்டினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிந்தது. பம்பு பெரிதாக இருந்தால் போதும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1967இல் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் செலுத்து முறை ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் வந்தபோது, சுமார் 2 பார் அழுத்தம் தேவைப்பட்டதால் மின்மோட்டார் பம்பு இன்றியமையாததாயிற்று. பிற்காலத்தில் பம்பு டாங்குக்குள்ளேயே மூழ்கவைக்கப்பட்டது. பெட்ரோலே அதைக் குளிர்விப்பதோடு, இழுப்பதற்குப் பதில் தள்ளுவதால் குழாயில் ஆவி அடைப்பதும் குறைந்தது.

பழுதான பம்பை மாற்றும்போதே எஞ்சினின் வருங்காலத் திறனையும் கருதவேண்டும் என்பது இந்த வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் எரிப்பதாகக் கொண்டால், 200 குதிரைத்திறனுக்கு 73 லிட்டரும் 300க்கு ஏறத்தாழ 110 லிட்டரும் வேண்டும். அதோடு, 3 பார் அடிப்படை அழுத்தமுள்ள அமைப்பில் டர்போ 1 பார் காற்றழுத்தம் கொடுத்தால், எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதையும் 4 பாருக்கு உயர்த்தும். அழுத்தம் கூடக்கூடப் பம்பின் வரத்து குறையும். வெற்றிடத் தொட்டியின் குறை வேறு வடிவில் இங்கே திரும்பி வருகிறது. மறுபுறம், அளவுக்கு மீறிய பம்பு மிச்சப் பெட்ரோலைத் திரும்பத் திரும்ப டாங்குக்கு அனுப்பிச் சூடாக்கும். திரும்பும் குழாய் குறுகலாக இருந்தால் ரெகுலேட்டரால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த இயலாது. பழைய வயரிங் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்காமல் வோல்டேஜ் இறங்கி, வரத்தும் குறையும்.

ஆகையால் பம்பு வாங்குபவர் பார்க்கவேண்டியது பெட்டியின்மேல் அச்சிட்ட உச்ச அளவை அன்று. திட்டமிட்ட மாற்றங்களுக்குப் பிறகு எஞ்சின் எட்டும் அழுத்தத்திலும், பம்பின் முனையில் உண்மையில் கிடைக்கும் வோல்டேஜிலும் அது மணிக்கு எத்தனை லிட்டர் தருகிறது என்பதையே.