பெரியவர்களின் ஒப்புதலும் இனிப்புப் புகையும்: ஜோர்டான், லெபனான் பதின்ம வயதினரிடையே ஹூக்காப் பழக்கம்

பதின்ம வயதினர் ஹூக்கா புகைப்பது அறியாமையால்தான் என்ற எண்ணமே பள்ளி விழிப்புணர்வுத் திட்டங்கள் பலவற்றுக்கும் அடிப்படை. தீங்கை எடுத்துரைத்தால் பழக்கம் விலகும் என்று அவை நம்புகின்றன. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் அனுபவம் இந்த நம்பிக்கைக்கு இடம் தரவில்லை. அங்கே பிள்ளைகளை ஹூக்காவிடம் கொண்டுசேர்ப்பதில் பெரியவர்களின் ஒப்புதலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஒப்புதலை எளிதாக்கியது இனிப்பூட்டிய புகையிலை. எனவே தடுப்பு முயற்சியும் பிள்ளைகளின் அறிவை மட்டும் குறிவைத்தால் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1990களுக்கு முன் இந்நாடுகளில் ஹூக்கா பெரும்பாலும் காப்பிக்கடைகளில் அமரும் வயதான ஆண்களின் பழக்கமாக இருந்தது. அவர்கள் புகைத்த காரமான புகையிலை இளையோரை ஈர்க்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் வெல்லப்பாகும் பழமணமும் சேர்த்த ‘முஅஸ்ஸல்’ என்னும் புகையிலை பரவலாக விற்பனைக்கு வந்தபின் நிலை மாறியது. நீரில் குளிர்ந்து வரும் மணப்புகை தொண்டையைக் கரிக்காததால் முதன்முறை இழுப்பவரும் முகம் சுளிப்பதில்லை. புதியவரைப் பின்வாங்கச் செய்யும் உடலின் எதிர்ப்பு இங்கே பெரிதும் மழுங்கிவிடுகிறது. அதே சமயம் குடும்பத்தோடும் பெண்களோடும் செல்லத்தக்க உணவகங்களில் ஹூக்கா இடம்பிடித்தது. பல அரபு நாடுகளில் சிகரெட் புகைப்பதில் சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் உள்ள இடைவெளி ஹூக்காவில் வெகுவாகக் குறைவதற்கு இதுவே விளக்கம். மகள் சிகரெட்டைத் தொட்டால் சினக்கும் வீடு, விருந்தினர் நடுவே அவள் ஹூக்காக் குழாயை வாங்குவதைப் பொறுத்துக்கொள்கிறது.

இது தொன்மையான பண்பாடு, இதில் தலையிடலாமா என்று கேட்பவர் உண்டு. பதின்ம வயதினர் கையில் இருப்பது பழைய பழக்கத்தின் வடிவம் மட்டுமே. உள்ளே எரியும் சரக்கும் புகைப்பவரின் வயதும் அண்மைக்கால வணிகத்தின் விளைவுகள். எப்போதாவது புகைப்பதால் தீங்கில்லை என்பது அடுத்த மறுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பின்படி ஒருமுறை ஹூக்கா புகைப்பது 20 முதல் 80 நிமிடம் வரை நீள்கிறது. அதற்குள் 50 முதல் 200 முறை வரை புகை இழுக்கப்படுகிறது. சிகரெட்டில் இது 8 முதல் 12 முறைதான். கரி எரிவதால் எழும் கார்பன் மோனாக்சைடும் இதனுடன் சேர்கிறது. அதை நீர் வடிகட்டுவதில்லை. புகைக்கும் இயல்புள்ளவர் எப்படியும் சிகரெட்டுக்குப் போயிருப்பார் என்ற மூன்றாவது மறுப்பு வலுவானது. ஆயினும் ஜோர்டானின் இர்பித் நகரில் 2008இல் ஏழாம் வகுப்பு மாணவரிடம் தொடங்கிய தொடர் ஆய்வில், அப்போது ஹூக்கா புகைத்தவர் சுமார் 13 விழுக்காடு, சிகரெட் புகைத்தவர் சுமார் 5 விழுக்காடு. பலருக்கு ஹூக்காவே முதல் வாயில் என்பதை இது உணர்த்துகிறது. ஹூக்கா புகைத்தவர் பின்னாளில் சிகரெட்டைத் தொடும் வாய்ப்பு மிகுதி என்பதையும் அவ்வாய்வு கண்டது. காரணத் தொடர்பை இது முற்றாக நிறுவாவிடினும், ஹூக்காவைத் தீங்கற்ற மாற்று என்று கருத இடமளிக்கவில்லை.

சட்டத்தின் வரம்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லெபனானில் 2011இல் இயற்றப்பட்ட 174ஆம் எண் சட்டம், 2012 செப்டம்பர் முதல் உணவகங்களின் மூடிய பகுதிகளிலும் புகைப்பதைத் தடுத்தது. உணவக உரிமையாளர்களின் எதிர்ப்புக்கிடையே அதன் அமலாக்கம் தளர்ந்தது. ஹூக்காவை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தொழிலும் அங்கே உண்டு. இதைக் கண்டு சட்டம் வீண் என்று முடிவுகட்டுவது தவறு. இடத்தை மட்டும் கட்டுப்படுத்திச் சுவையையும் வீட்டின் ஒப்புதலையும் விட்டுவைத்தால் பழக்கம் இடம் மாறும் என்பதே இதன் பாடம். மணமூட்டிய புகையிலைக்குத் தடை, கடையில் பொட்டலத்தையே காணாத வாடிக்கையாளருக்காக ஹூக்காக் குடுவையின் மேலேயே எச்சரிக்கைப் படம், பெற்றோரை நோக்கிய பரப்புரை ஆகியவை ஒன்றுசேர வேண்டும். பிள்ளையிடம் கட்டுப்பாட்டைக் கோரும் பெரியவர்கள், தாங்கள் நீட்டும் குழாயை முதலில் விலக்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள்.