தலைவன் இல்லாத அம்பலம்

நான்கு பேர் கூடிப் பேசுவதற்கு ஒரு மரத்தடி போதும். நாலாயிரம் பேர் கூடிப் பேச வேண்டுமானால், எவர் எங்கே அமர்வது, எதைப் பற்றிப் பேசுவது, வரம்பு மீறுவோரை யார் தடுப்பது என்ற கேள்விகள் எழுந்துவிடுகின்றன. அவ்விடத்திற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால் விடை எளிது. அவர் சொல்லே சட்டம். சொந்தக்காரரே இல்லாத ஓர் இடத்தில் இக்கேள்விகளுக்கு விடை தேடியவர்களின் வரலாற்றையே இன்று சொல்ல முற்படுகிறேன்.

அவ்விடத்தின் பெயர் யூஸ்நெட். கணினிகளின் வழியே முன்பின் அறியாதவர்கள் ஒன்றுகூடி உரையாடிய முதல் பெரிய அம்பலங்களுள் அஃது ஒன்று. 1990களில் அமெரிக்காவில் மாணவனாக இருந்தபோது நானும் அதன் ஒரு மூலையில் அமர்ந்திருந்தேன். ஒரு முறை அங்கே வாக்கும் அளித்தேன். அந்த வாக்கைப் பற்றிய ஐயம் இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை உரிய இடத்தில் சொல்கிறேன்.

1979ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இருவர், யூனிக்ஸ் கணினிகளைப் பயன்படுத்துவோர் தம்முள் செய்திகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு வழி காண வேண்டும் என்று எண்ணினர். அருகிலிருந்த சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்து மாணவரான ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980இல் அது வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது.

அது இயங்கிய முறை மிக எளியது. ஒரு கணினி டெலிபோன் மூலமாக மற்றொரு கணினியை அழைக்கும். தன்னிடம் இருந்து, அதனிடம் இல்லாத மடல்களைக் கொடுக்கும். அது பிறகு வேறொன்றை அழைக்கும். கட்டணம் குறைந்த இரவு வேளைகளில் இவ்வழைப்புகள் பெரும்பாலும் நடைபெறும். இவ்வாறு ஒரு மடல் கைமாறிக் கைமாறி ஊர்களையும் நாடுகளையும் கடந்து செல்லும். நடுவே ஒரு தலைமை நிலையம் இல்லை. அனைத்தையும் ஆளும் ஓர் அதிகாரியும் இல்லை. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. எந்த மடல்களை ஏற்பது, எவற்றை அடுத்த கணினிக்கு அனுப்புவது என்பதை அவரே முடிவு செய்வார். யூஸ்நெட்டின் அரசியல் முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறந்தது எனலாம்.

மடல்கள் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அப்பிரிவுகளுக்குச் செய்திக்குழுக்கள் என்று பெயர். தொடக்க காலத்தில் 'நெட்' என்னும் முன்னொட்டுடன் பெரும்பாலான குழுக்கள் தோன்றின. புதிய குழு ஒன்றை உண்டாக்க ஒரு கட்டளை மடலை அனுப்பினால் போதும். அதனை ஏற்பதும் விடுவதும் அந்தந்தப் பொறுப்பாளர் விருப்பம். குழுக்கள் சிலவாக இருந்தவரை இதனால் தொல்லை நேரவில்லை. அவை பெருகியபோது டெலிபோன் கட்டணமும் பெருகியது.

மடல்களின் பெருஞ்சுமையைத் தாங்கியவை சில பெரிய கணினிகளே. நாடெங்கும் செய்தியை எடுத்துச் சென்ற அவற்றை 'முதுகெலும்பு' என்று அழைத்தனர். அவற்றின் பொறுப்பாளர்களை 1983ஆம் ஆண்டளவில் ஜீன் ஸ்பாஃபர்டு ஒரு குழுவாகச் சேர்த்தார் என்பர். இவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் செலவும் உழைப்பும் இவர்களுடையவை. இவர்கள் எடுத்துச் செல்ல மறுத்த குழு தொலைவு செல்ல இயலாது. எனவே இவர்கள் சொல் சட்டம் போலாயிற்று. மற்றவர்கள் பாதி விளையாட்டாகவும் பாதி சினத்துடனும் இவர்களை 'முதுகெலும்புச் சதிக்கூட்டம்' என்றனர்.

1986ஆம் ஆண்டின் நடுவிலிருந்து 1987ஆம் ஆண்டின் தொடக்கம் வரை இவர்கள் பெரும் பெயர்மாற்றம் ஒன்றை நடத்தினர். பழைய பெயர்கள் நீங்கின. ஏழு பெரும்பிரிவுகள் வந்தன. கணினிக்குக் 'காம்ப்', அறிவியலுக்குச் 'சை', பொழுதுபோக்கிற்கு 'ரெக்', சமுதாயத்திற்குச் 'சோக்', யூஸ்நெட்டின் சொந்த நடைமுறைக்கு 'நியூஸ்', எதிலும் அடங்காதவற்றிற்கு 'மிஸ்க்', ஓயாத வாதங்களுக்கு 'டாக்' என வகுத்தனர். இது வெறும் அட்டவணைச் சீர்திருத்தம் போலத் தோன்றும். உண்மையில் அது பணத்தைப் பற்றியது. கடல் கடந்த ஐரோப்பியக் கணினிகள், மதச் சண்டைக்கும் அரசியல் வசைக்கும் டெலிபோன் கட்டணம் செலுத்த விரும்பவில்லை. அவற்றை எல்லாம் 'டாக்' என்னும் ஒரே கூடையில் போட்டுவிட்டால், வேண்டாதவர் அக்கூடையை அப்படியே ஒதுக்கிவிடலாம் அன்றோ? அன்று முதல் ஒரு குழுவின் பெயர் எதில் தொடங்குகிறது என்பதே அதன் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை உறுதி செய்தது.

இதனை விரும்பாதவர்களும் இருந்தனர். 1987 மே மாதத்தில் பிரையன் ரீட், ஜான் கில்மோர், கார்டன் மொஃபெட் ஆகிய மூவர் கலிபோர்னியாவில் ஓர் உணவு விடுதியில் கூடி, முதுகெலும்புக் கணினிகளைச் சுற்றிக்கொண்டு செல்லும் மாற்று வழி ஒன்றை வகுத்தனர். ரீட் நடத்திவந்தது சமையற் குறிப்புகளுக்கான குழு. அதற்குத் தாம் விரும்பிய பெயர் கிடைக்கவில்லை என்பது அவர் குறை. போதைப்பொருள் பற்றி விவாதிக்க ஒரு குழு வேண்டும் என்றிருந்தார் கில்மோர். இவர்கள் தொடங்கிய பிரிவுக்கு 'ஆல்ட்', அதாவது மாற்று, என்று பெயர். அங்கே குழு தொடங்க எவருடைய இசைவும் வேண்டியதில்லை. மறு ஆண்டில், பாலியல் பற்றிய ஒரு குழுவுக்கு வாக்கெடுப்பில் ஆதரவு கிடைத்தும் முதுகெலும்பினர் அதனை உண்டாக்க மறுத்தனர். 1988 ஏப்ரலில் ரீட் அதனை 'ஆல்ட்' பிரிவில் தொடங்கிவிட்டார். முதுகெலும்பினரின் செல்வாக்கு அத்துடன் தளர்ந்தது.

வாக்கெடுப்பு என்று சொன்னேன். யூஸ்நெட்டின் மிகச் சுவையான பகுதி அதுவே.

பிற்காலத்தில் நிலைபெற்ற முறை இது. புதிய குழு வேண்டுவோர் முதலில் அதன் பெயரையும் நோக்கத்தையும் எழுதி, விவாதத்திற்கு அழைப்பு விடுக்க வேண்டும். சில வாரங்கள் அதனைப் பற்றி விவாதம் நடைபெறும். பிறகு வாக்கெடுப்பு, அது 21 நாள் முதல் 31 நாள் வரை திறந்திருக்கும். வாக்கை மின்மடலில் அனுப்ப வேண்டும். ஆதரவு வாக்குகள் எதிர்ப்பை விட நூறேனும் மிகுந்திருக்க வேண்டும். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் இருக்க வேண்டும். முடிவு வந்ததும் யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் வெளியாகும். ஐந்து நாள் பொறுத்து, தக்க மறுப்பு எழாவிடில், குழு உருவாக்கப்படும். தோற்ற முயற்சியை ஆறு மாதம் கழித்தே மீண்டும் கொண்டுவரலாம். முதலில் குழு வேண்டியவரே வாக்குகளையும் எண்ணிவந்தார். அது ஐயத்திற்கு இடமாகியதால், 1993 முதல் நடுநிலையான தன்னார்வலர்கள் எண்ணத் தொடங்கினர்.

நம் தேர்தலில் வாக்கு இரகசியம். அங்கே வாக்கு வெளிப்படை. வாக்காளர் பட்டியலும் இல்லை, தேர்தல் அதிகாரியும் இல்லை. ஆகவே பலர் கண்முன் பெயரை வைப்பதே பொய் வாக்கிற்குக் காவலாயிற்று. வென்ற குழுவை ஏற்கும்படி எந்தக் கணினிப் பொறுப்பாளரையும் கட்டாயப்படுத்த இயலாது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எண்ணிக்கை நேர்மையாக நடந்தது என்று நம்பியதால் பெரும்பாலோர் ஏற்றனர். அவ்வளவே அதன் பலம்.

1989இல் நடந்த மீன்தொட்டி விவகாரம் இதற்கு நல்ல சான்று. அழகுமீன் வளர்ப்போருக்காக ஒரு குழு வேண்டும் என்றார் ஒருவர். அதனைப் பொழுதுபோக்குப் பிரிவில் வைக்காமல் அறிவியல் பிரிவில் வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். ஏனெனில் பொழுதுபோக்குக் குழுக்களை ஒதுக்கிய கணினிகளும் அறிவியல் குழுக்களை ஏற்றுவந்தன. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது அறிவியலா என்று கேட்டுப் பெரும்போர் மூண்டது. அறிவியல் பிரிவிலேயே குழு வென்றது. பொழுதுபோக்குப் பிரிவிலும் மற்றொன்று உண்டாயிற்று. நகைப்பிற்கு இடமானது போல் தோன்றும் இந்தச் சண்டையில், எவர் பேச்சு எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்ற பெரிய கேள்வி மறைந்திருந்தது.

சில குழுக்களில் மட்டுறுத்துநர் ஒருவர் இருந்தார். எழுதுவோரின் மடல்கள் முதலில் அவரிடம் செல்லும்; அவர் படித்து ஒப்புதல் வரியைச் சேர்த்த பிறகே வெளிவரும். தொழில்நுட்பத்தில் அந்த வரி ஒரு பூட்டன்று. விரும்பினால் எவரும் அதனைத் தாமே சேர்த்து அனுப்பிவிட முடியும். ஆயினும் அவ்வாறு செய்தவர் சிலரே. ஊரார் மதித்ததனால்தான் அந்தக் கதவு மூடியிருந்தது.

மட்டுறுத்துநருக்கும் அவருக்கு மேல் உள்ளவர்களுக்கும் இடையே மோதல் எழுவதும் உண்டு. பிராட் டெம்பிள்டன் 1987 முதல் நடத்திவந்த நகைச்சுவைக் குழுவில் ஓர் இனத்தாரைப் பற்றிய துணுக்கு வெளிவந்தது. புண்பட்டவர்கள் முறையிட்டனர். 1989இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் கணினிகளில் அக்குழுவையே தடை செய்தது. கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி முதலானோர், கணினியில் வரும் எழுத்தும் நூலகத்தில் உள்ள நூலைப் போன்றதே. ஒரு நூல் பிடிக்கவில்லை என்று நூலகத்திலிருந்து அகற்றுவோமா என்று வாதிட்டனர். தடை நீங்கியது.

1994 ஏப்ரலில் வேறு விதமான இடர் வந்தது. அரிசோனாவைச் சேர்ந்த வழக்கறிஞர் இருவர், குடியேற்றச் சீட்டு பற்றிய தம் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே நேரத்தில் இட்டனர். தோட்டக்கலைக் குழுவிலும் அதே விளம்பரம், இசைக் குழுவிலும் அதே விளம்பரம். இத்தகையவற்றை நீக்கத் தன்னார்வலர்கள் முன்வந்தனர். அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு பாராட்டத்தக்கது: ஒரே மடல் எத்தனை குழுக்களில், எத்தனை முறை இடப்பட்டது என்ற எண்ணிக்கையை மட்டுமே குற்றமாகக் கொள்வது, அதன் கருத்து யாது என்று பார்ப்பதில்லை. நீக்கும் ஆற்றல் கைக்கு வந்தபின், பிடிக்காத கருத்தையும் நீக்கலாமே என்ற ஆசை வருவது இயல்பு. அந்த ஆசைக்கு அவர்கள் வேலி இட்டனர்.

இனி என் வாக்கைச் சொல்கிறேன். 1996இல் வெள்ளை இன மேன்மையைப் பாடும் இசைக்கென்று 'ரெக்' பிரிவில் ஒரு குழு வேண்டும் என்று சிலர் கேட்டனர். எதிர்த்து வாக்களியுங்கள் என்னும் அழைப்பு எங்கும் பரவியது, எனக்கும் வந்தது. நான் நிறத்தால் வேறுபட்டு ஓர் அயல்நாட்டில் வாழ்ந்தவன். தமிழ் எழுத்துக்கு வழி இல்லாமல், ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதித் தமிழர் அளவளாவிய ஒரு குழுவும் 'சோக்' பிரிவில் இருந்தது. அதுவே எனக்கு மாலைநேரத் திண்ணை. அந்தத் திண்ணையை உடைய ஊரிலேயே என்னை இழிவுபடுத்துவோர்க்கும் ஒரு கூடமா என்று நினைத்தேன். எதிர்ப்பு என்று வாக்களித்தேன். வாக்கு வந்து சேர்ந்ததாக ஓர் ஒப்புகை மடல் வந்தது. முடிவில் ஆதரவு 600ஐ எட்டவில்லை. எதிர்ப்பு 33,000ஐக் கடந்தது.

அன்று மகிழ்ந்தேன். பிறகு சிந்தித்தேன். அவ்வாக்கெடுப்பு, இந்தக் குழுவை விரும்பிப் படிப்போர் போதிய அளவில் உண்டா என்று அறிவதற்காக ஏற்பட்டது. நான் படிக்க எண்ணிய குழு அன்று அது. கேட்ட கேள்வி ஒன்று. நான் அளித்த விடை மற்றொன்று. என்னைப் போன்ற பல்லாயிரவர் கூடிப் பிடிக்காத சிலரைத் தோற்கடிக்கலாம் என்றால், நாளை வேறு பல்லாயிரவர் கூடி என் திண்ணையை இடிக்கவும் அதே வழி உதவும் அன்றோ? விளம்பரத்தை எண்ணிக்கையால் மட்டும் அளந்த தன்னார்வலர்கள் எனக்கு முன் உயர்ந்து நின்றனர். எனினும் அதே வாக்குச் சீட்டை இன்று கொடுத்தாலும் என் கை வேறு விதமாக எழுதும் என்று துணிந்து சொல்ல மாட்டேன். வெறுப்பவனுக்கு நாம் கூடம் கட்டித் தர வேண்டிய கடமை இல்லை என்பதும் ஒரு நியாயமே. இவ்விரு நியாயங்களையும் ஒரு வாக்குச் சீட்டு தாங்காது என்பதையே அன்று கற்றேன்.

வாக்கெடுப்பு முறை 2005ஆம் ஆண்டளவில் ஓய்ந்தது. 2006 முதல் சிலர் அடங்கிய ஒரு குழு அப்பணியை ஏற்றது. உரையாடுவோர் வேறு இடங்களுக்குச் சென்றுவிட்டனர். யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே மாதத்தில் தன் செய்திக்கணினியை நிறுத்திவிட்டது. கோடிக்கணக்கானோர் இன்று கூடிப் பேசும் இடங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. ஒரு குழு திறப்பதும் மூடுவதும் இறுதியில் அவர்கள் கையில் இருக்கிறது.

பழைய அம்பலத்தில் சண்டைக்குக் குறைவில்லை. நியாயமும் எப்போதும் வெல்லவில்லை. ஆயினும் ஒரு கூடத்தைத் திறக்கும் முன் அங்கே ஊரைக் கேட்டார்கள். கேட்டதனால்தான், தவறாக விடை சொன்னேனோ என்று என்னைப் போன்ற ஒருவன் இத்தனை ஆண்டு கழித்தும் எண்ணிப் பார்க்கிறேன். கேட்கப்படாதவனுக்கு அந்தக் கவலை இல்லை. அந்தப் பொறுப்பும் இல்லை.