அத்வைதாவின் வரலாற்றில் இடம்பெறாதவர்கள்

2006 மார்ச்சில் கொல்கத்தா அலிப்பூர் விலங்கியல் பூங்காவில் இறந்த ‘அத்வைதா’ என்னும் அல்டாப்ரா ஆமையை, இராபர்ட் கிளைவின் செல்லப்பிராணி என்றே செய்திகள் அறிமுகப்படுத்தின. அதன் வயது 250 என்னும் கணக்கும் அக்கதையைச் சார்ந்ததே. கிளைவின் பராக்பூர்த் தோட்டத்தில் அது வளர்ந்தது என்பர். ஆனால், கிளைவ் 1767இல் இந்தியாவை விட்டு நீங்கினார். பராக்பூர்ப் பூங்காவோ வெல்லெஸ்லியின் ஆட்சிக்காலத்தில் (1798–1805) உருவானது.

இக்கதையை விலக்கினாலும் எஞ்சுவது சிறிதன்று. 1875இல் அலிப்பூருக்கு வந்த ஆமை அங்கே 131 ஆண்டுகள் வாழ்ந்தது. அதன் தாயகமான அல்டாப்ரா, செஷல்சைச் சேர்ந்த பவளத்தீவு. ஆண்டு முழுவதும் வெப்பம் குன்றாதது. அங்கு இவ்வாமைகள் குட்டைப்புல் மேய்ந்து, நண்பகல் வெயிலில் நிழலை நாடும். கொல்கத்தாவின் வெப்பமும் ஈரமும் இவ்வியல்புக்கு இசைந்தன. உணவாகப் புல், கோதுமைத் தவிடு, கேரட், லெட்யூஸ், ஊறவைத்த கடலை, ரொட்டி, உப்பு ஆகியவை தரப்பட்டன. இன்றைய வளர்ப்புநெறி கடலையையும் ரொட்டியையும் தவிர்த்து, நார்ச்சத்து மிகுந்த புல்லையே முதன்மையாக்கும்.

131 ஆண்டுகள் என்பது ஏறத்தாழ 47,800 நாள். தலைமுறை தலைமுறையாகப் புல்லும் நீரும் வைத்துக் கூடத்தைத் துப்புரவு செய்த பணியாளர்களின் பெயரைச் செய்திகள் குறிக்கவில்லை. ஆமையை வாழவைத்தது உரிமையாளரின் புகழன்று, அவர்களின் அன்றாட உழைப்பே. அவ்வுழைப்பை எழுதாத விலங்கு வரலாறு முழுமையுறாது.