வானொலி கற்றுத் தந்த உச்சரிப்பு



நம் சென்னையில் ஒலிபரப்பு தொடங்கி நூறாண்டுகள் கடந்துவிட்டன. 1924 ஜூலை 31 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மதராஸ் மாகாண வானொலி மன்றம் அதனைத் தொடங்கியது. பணத் தட்டுப்பாட்டால் 1927இல் அது நின்றுபோக, 1930இல் மாநகராட்சி அப்பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது.

கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். 1950களில் நம் நாட்டு வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அந்த இழப்பை ஈடுசெய்யவே 1957இல் இங்கு விவித் பாரதி வந்தது. ஆயினும் இலங்கை அறிவிப்பாளர்களின் தூய தமிழுக்குத் தமிழகத்தில் இருந்த மதிப்பு குறையவில்லை.

அவர்களுள் ஒருவர் பி.எச். அப்துல் ஹமீத். கொழும்பில் பிறந்த முஸ்லிம். சிறுவர் நிகழ்ச்சி வழியே வானொலிக்குள் நுழைந்தவர். 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியால் புகழ்பெற்றவர். தம் பணிக்கால நினைவுகளை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்னும் நூலாகவும் தந்துள்ளார்.

காசிமேட்டில் எங்கள் அத்தா வலை பின்னும் இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்கும். கடலுக்குப் போகுமுன் வானிலை அறிக்கை கேட்பதற்கென்றே வாங்கியது. எனினும் அத்தா அதில் தமிழையும் சேர்த்தே கேட்டார். சிறுவயதில் நான் 'வாயப்பயம்' என்று சொன்னபோது கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, பழம்னு சொல்லு. கொழும்பிலே நம்ம ஹமீது எவ்வளவு சுத்தமாச் சொல்றாரு!" என்றார். அந்த 'நம்ம' என்ற சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. தமிழை நன்றாகப் பேசுவது நமக்கும் உரிய பெருமை என்பதை அன்றே உணர்ந்தேன்.

இன்று மதரஸாவில் 'ழாத்' எழுத்தின் மக்ரஜைப் பிள்ளைகளுக்குப் பலநாள் பயிற்றுவிக்கிறேன். நாவின் ஓரம் கடைவாய்ப் பற்களைத் தொடவேண்டும் என்று சொல்லித் திருத்துகிறேன். அதே பிள்ளைகள் தமிழ் ழகரத்தை யகரமாக்கும்போது நாம் கேட்டும் கேளாதிருக்கிறோம். ஒரு மாணவன் கேட்டான்: "உஸ்தாத், தமிழைத் தப்பாச் சொன்னா நன்மை குறையுமா?"

குர்ஆன் ஓதுதலின் சட்டம் வேறு, தமிழ்ப் பேச்சின் நிலை வேறு என்று முதலில் விளக்கினேன். வீட்டில் பேசும் வழக்கு குற்றமன்று; அது நம் தாய்மார் தந்தது. ஆனால் மேடையில் மார்க்கம் பேசும்போது 'பழம்' என்பது 'பயம்' ஆனால் கேட்பவர் உள்ளத்தில் பொருளே மாறிவிடும். அல்லாஹ்வின் செய்தியை மக்களுக்குத் தெளிவாக விளக்கும்பொருட்டே ஒவ்வொரு தூதரும் தம் சமூகத்தாரின் மொழியில் அனுப்பப்பட்டார்கள் என்று சூரா இப்ராஹீம் போதிக்கிறது. அத்தெளிவைப் பேணுவது நம் கடமையன்றோ?

பெற்றோர்களே, நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளைகளைத் தமிழில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிழை கண்டால் நகைக்காமல் திருத்துங்கள். நம் நாவுகளை அல்லாஹ் நன்மையின்பால் நிலைநிறுத்துவானாக! ஆமீன்.