கறிவேப்பிலையின் இன்னொரு பெயர்

 

தாவரமும் பண்பாடும் சேர்ந்த கண்காட்சி என்றால், ஜெர்மனியில் நான் முதலில் சொல்வது ஹாலே நகரத்தைத்தான். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-இல் கட்டத் தொடங்கிய அனாதை இல்லத்தின் கூரைத்தளத்தில் கலைப்பொருட்களும் இயற்கைப் பொருட்களும் நிறைந்த ஓர் அறை இருக்கிறது. ஓவியர் காட்ஃபிரீட் ஆகஸ்ட் கிரூண்ட்லர் 1741-க்குள் அதை ஒழுங்குபடுத்தினார். ஒவ்வொரு அலமாரியின் உச்சியிலும் உள்ளே இருப்பதைப் படமாகத் தீட்டினார். சுமார் 3000 பொருட்கள். நம் ஓலைச்சுவடிகளும் அவற்றில் உண்டு.

ஓலை அங்கே போன வழி தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியது முதல் கடிதங்களும் சுவடிகளும் ஹாலேக்குப் போய்க்கொண்டே இருந்தன. 1711-இல் இன்னொரு கிரூண்ட்லர், மிஷனரி யோஹான் எர்ன்ஸ்ட், தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு நூலே எழுதி அனுப்பினார்.

1768-இல் மிஷன் மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸின் மாணவர். அவர் வழியில் ஜான், ராட்லர், கிளைன் ஆகியோரும் செடி சேகரித்தார்கள். கிளைன் அனுப்பிய உலர்செடிகள் பெர்லினில் வில்டெனோவின் தொகுப்பில் சேர்ந்தன. 1943 குண்டுவீச்சில் பெர்லின் தாவரக் காட்சியகம் எரிந்தபோது, வேறிடத்தில் பத்திரப்படுத்தியிருந்ததால் அந்தத் தொகுப்பு தப்பியது.

கோனிக் 1785-இல் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். ஆனால் நம் குழம்பில் தினமும் இருக்கிறார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் முர்ராயா கோனிகி. அதில் ‘கோனிகி’ என்ற பகுதி அவர் நினைவாக லின்னேயஸ் வைத்தது.

நான் செவிலியர். மருந்து கொடுத்தவர் கையொப்பம் போடாத குறிப்பேட்டை எங்கள் வார்டில் ஏற்க மாட்டோம். அந்தப் பழக்கத்தோடு பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. சேகரித்தவர் பெயர் செடியின் மேலேயே ஏறிவிட்டது. அதன் குணம் அறிந்த வைத்தியர், சமையலில் சேர்த்த பெண்கள், யார் பெயரும் அதில் இல்லை. மிஷனரிகள்மேல் குறை சொல்ல இதைப் பேசவில்லை. அவர்கள் எழுதிவைத்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது.

நாம் செய்யக்கூடியது சிறியது. உங்கள் ஊரில் தாவரக் கண்காட்சி நடந்தால், நம் செடிகளுக்குத் தமிழ்ப் பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பெரியவர் கைமருந்து சொன்னால், மருந்தை மட்டும் எழுதாதீர்கள். சொன்னவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.