காலிப் பட்டியலின் தலை

1947 செப்டம்பர் 9. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. திறந்து பார்த்தால், உள்ளே ஒரு விட்டில் பூச்சி! அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினார்கள். ('பக்' என்ற வார்த்தையே இதிலிருந்துதான் வந்தது என்பார்கள். நம்பாதீர்கள். எடிசன் காலத்திலேயே அது புழக்கத்தில் உண்டு.) எனக்குப் பிடித்தது பூச்சி அல்ல, கூடவே எழுதி வைத்த விலாசம்: பேனல் எஃப், ரிலே நம்பர் 70.

நாற்பது வருடம் கழித்துப் பிறந்த ஒரு மொழியில் இந்த விலாசம்தான் காணாமல் போனது.

1987-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு மாநாடு. ஃபங்ஷனல் மொழி ஆராய்ச்சியாளர்கள் ஆளுக்கொரு மொழியைக் கையில் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று செய்வோம் என்று கமிட்டி போட்டார்கள். பெயர் ஹாஸ்கல். 1982-ல் மறைந்த தர்க்க மேதை ஹாஸ்கல் கர்ரியின் நினைவாக. அவர் மனைவியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னபோது, அந்த அம்மாள் அன்பாக உபசரித்துவிட்டு, கிளம்பும் நேரத்தில் சொன்னாராம், அவருக்கு அந்தப் பேரே பிடிக்காது என்று! மொழியின் முதல் அறிக்கை வெளிவந்தது 1990 ஏப்ரல் 1. விளையாட்டில்லை, நிஜம்.

ஹாஸ்கல் ஒரு சோம்பேறி. திட்டவில்லை, அறிஞர்களே வைத்த பேர் அது. கணக்கைக் கொடுத்தால் உடனே போடாது. விடை யாருக்காவது தேவைப்படும்போதுதான் போடும். பின்தேதி போட்ட செக் மாதிரி. எழுதியவர் ஒருவர், கைமாறிக் கைமாறி பாங்க்கில் நீட்டுபவர் வேறொருவர். செக் திரும்பினால் கவுன்ட்டரில் நிற்பவர் முகம்தான் தெரியும். நம் கதையில் செக்கில் கையெழுத்தும் கிடையாது.

காலிப் பட்டியலைக் கொடுத்து முதல் ஆளைக் கேட்டால், 'ப்ரெலூட்.ஹெட்: எம்ப்டி லிஸ்ட்' என்று ஒரே வரி சொல்லிவிட்டு புரோகிராம் செத்துப்போகும். எந்த ஃபைல்? எந்த வரி? மூச்! 'ஹெட்' நானூறு இடத்தில் இருந்தால் நானூறையும் தேட வேண்டியதுதான். ஜாவாக்காரர்களுக்கு யார் யாரைக் கூப்பிட்டார் என்று வரிசையாக அச்சாகி வரும். பிழையே நுழைய முடியாத மொழி என்று பெருமை பேசியவர்கள், ராத்திரி கண்விழித்து அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

2009-ல் எடின்பரோவில் டிரிஸ்டன் ஆல்வுட், சைமன் பேட்டன் ஜோன்ஸ், சூசன் ஐசன்பாக் மூவரும் ஒரு கட்டுரை படித்தார்கள். வைக்கோல் போரில் ஊசி தேடும் விஷயம். யோசனை எளிமையானது: கூப்பிடும் இடத்தின் விலாசத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி, கம்பைலரே கூடவே அனுப்பிவிட வேண்டும். 2016-ல் வந்த ஜி.ஹெச்.சி. 8.0 கம்பைலரில் இதே ஜாதி ஏற்பாடு ஒன்று 'ஹேஸ்கால்ஸ்டாக்' என்ற பெயரில் உட்கார்ந்தது. ஃபைல், வரி, எத்தனையாவது எழுத்து வரை சொல்லும். ஆனால் சீட்டு வேண்டும் என்று ஒவ்வொரு ஃபங்ஷனும் எழுதிக் கேட்க வேண்டும். நடுவில் ஒன்று மறந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

2024-ல் 9.10 வந்த பிறகுதான் எக்ஸெப்ஷன்களே தங்கள் தடயத்தைச் சுமந்து வர ஆரம்பித்தன.

நம் பழைய 'ஹெட்'டுக்கு விலாசம் கிடைத்தது 2022-ல். அடுத்த வருடமே, அதை உபயோகித்தால் எச்சரிக்கை விட ஆரம்பித்தது கம்பைலர்.