யாருக்குச் சொன்னது? ஓவியரின் சொல்லைச் சான்றாகப் படிப்பது குறித்து

ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ அருங்காட்சியகத்தின் ‘படுக்கையறை’ ஓவியத்தில் சுவர் நீலமாக இருக்கிறது, கதவுகளும் நீலம். ஆனால் 1888 அக்டோபர் 16 அன்று வின்சென்ட் வான் கோ தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா, கதவுகள் இளம் ஊதா. கடிதத்தில் பிழையில்லை, மாறியது ஓவியந்தான். நீலத்தோடு அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டு மங்கிவிட, நீலம் மட்டும் எஞ்சியது. நிறமிகளை ஆராய்ந்தவர்கள் இதை உறுதிப்படுத்தியுள்ளனர். 2016இல் சிகாகோ கலைக்கூடம் படுக்கையறையின் மூன்று வடிவங்களையும் ஒரே இடத்தில் வைத்துக் கண்காட்சி நடத்தியபோது, பழைய ஊதாச் சுவர் கணினியின் துணையோடு மீட்டுக் காட்டப்பட்டது.

இதைச் சிறு திருத்தமாகக் கருதி விட்டுவிட முடியாது. அந்தக் கடிதம் அடுக்கிச் சொல்லும் நிறங்களைக் கவனித்தால் ஒரு திட்டம் புலப்படும். ஊதாச் சுவருக்கு எதிரே மஞ்சள் கட்டில், சிவப்புப் போர்வைக்கு எதிரே பச்சைச் சன்னல், செம்மஞ்சள் மேசையின் மேல் நீலக் கிண்ணம். வண்ணச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்கும் மூன்று இணைகளும் அந்தச் சிறிய அறைக்குள் இருக்கின்றன. ஓய்வு என்ற உணர்வைத் தர வேண்டும் என்பது அவர் சொன்ன நோக்கம். எதிர் நிறங்கள் ஒன்றையொன்று சமன் செய்வதன் வழியே அந்த ஓய்வை அவர் தேடினார் என்பது என் வாசிப்பு. சுவர் நீலமானதும் மூன்றில் முதன்மையான இணை உடைந்துவிட்டது. கடிதத்தை ஒதுக்கிவிட்டுக் கித்தானை மட்டும் பார்ப்பவர், ஓவியர் தீட்டாத ஓர் ஓவியத்தைப் பற்றியே எழுதுவார்.

படைப்பாளியின் நோக்கத்தைத் திறனாய்வின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று வில்லியம் விம்சாட்டும் மன்ரோ பியர்ட்ஸ்லியும் 1946இல் வாதிட்டார்கள். கவிதையை முன்வைத்து எழுந்த அந்த வாதம் நாளடைவில் எல்லாக் கலைகளுக்கும் பொதுவிதி போலாகிவிட்டது. கவிதையின் சொற்கள் அச்சில் மாறாமல் நிற்கின்றன. ஓவியமோ பொருளால் ஆனது. அந்தப் பொருள் மங்கும், வெடிக்கும், பழுப்பேறும். ஓவியரின் சொல்லைப் புறக்கணிக்கும் வசதி ஓவிய ஆய்வாளருக்கு இல்லை. அதே சமயம் ஓவியர் சொன்னதையெல்லாம் காரணமாக ஏற்பதும் ஆய்வாகாது. எந்தச் சொல்லை, எந்த அளவுக்கு நம்புவது என்பதே கேள்வி. என் விடை இது: ஓவியரின் பேச்சில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பொருளையும் செய்முறையையும் பற்றிய பேச்சு. மற்றது, தூண்டுதல் எங்கிருந்து வந்தது, யார் வழிகாட்டி, எது வெற்றி, எது தோல்வி என்ற பேச்சு. முதல் இழை, கேட்பவர் மாறினாலும் பெரிதாக மாறுவதில்லை. இரண்டாவது ஆளுக்கேற்பவும் காலத்துக்கேற்பவும் நகர்கிறது.

இதைச் சோதிக்கப் படுக்கையறையே நல்ல களம். தியோவுக்கு எழுதிய மறுநாள், அக்டோபர் 17 அன்று, அதே ஓவியத்தைப் பற்றி வான் கோ பால் கோகானுக்கும் எழுதினார். இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் படிப்பது மிகுந்த பயன் தரும். நிறப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே: ஊதாச் சுவர், சிவந்த தரை, மஞ்சள் கட்டில், எலுமிச்சைப் பச்சை சாயலில் விரிப்பு, செம்மஞ்சள் மேசை, நீலக் கிண்ணம். ஓய்வு என்ற நோக்கமும் இரண்டிலும் உண்டு. மாறுவது வேறு. தியோவிடம், நிழல்களை நீக்கித் தட்டையான வண்ணங்களால் ஜப்பானிய அச்சோவியங்கள் போல வரைந்ததாகச் சொல்கிறார். கோகானிடம் பேசும்போது முன்மாதிரியாக வருவது சமகால ஓவியர் சேராவின் எளிமை. தம்பிக்கு வெண்ணெய் மஞ்சளாக இருந்த கட்டில், ஓவியருக்குக் குரோம் மஞ்சளாகிறது. சக ஓவியரிடம் நிறமியின் பெயரைச் சொன்னாலே போதும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படியானால் உண்மையான முன்மாதிரி எது, ஜப்பானா சேராவா? கேள்வியை இப்படி வைப்பதே தவறு என்று நினைக்கிறேன். பாரிஸில் இருந்த நாட்களில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே ஜப்பானிய அச்சுகளைச் சேகரித்தார்கள். அந்த ஒப்புமை தியோவின் கண்ணுக்கு உடனே பிடிபடும். கோகானோ இன்னும் சில நாட்களில், அக்டோபர் 23 அன்று, வான் கோ இருந்த ஆர்லுக்கு வந்து சேர்ந்து பணிமனையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர். அவர் முன்னே சமகால ஓவியர் ஒருவரின் பெயரை எடுப்பது, நானும் இந்த விவாதத்தில் இருக்கிறேன் என்று அறிவிப்பது. இரண்டு பெயர்களும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே எதிரே இருப்பவரை நோக்கி நீட்டப்பட்ட கைகள். அவற்றில் ஒன்றை மட்டும் மேற்கோள் காட்டி ‘தாக்கம்’ என்று நிறுவும் கட்டுரை, பாதிச் சான்றை மறைத்துவிடுகிறது.

இந்தப் பகுப்பின் மேல் ஒரு நியாயமான ஐயம் எழும். செய்முறைப் பேச்சையும் உணர்வுப் பேச்சையும் அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியுமா? 1888 செப்டம்பரில் வரைந்த ‘இரவு விடுதி’ இந்த ஐயத்துக்கு வலுச் சேர்க்கும். மனிதரின் கொடிய வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் காட்ட முயன்றதாக அவர் தியோவுக்கு எழுதினார். ஒருவன் தன்னைத்தானே அழித்துக்கொள்ளவும் பித்துப் பிடிக்கவும் குற்றம் புரியவும் கூடிய இடமாக அந்த விடுதியைக் காட்ட நினைத்ததாக அடுத்த நாளே இன்னொரு கடிதத்தில் விளக்கினார். இங்கே உணர்வு நிறத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அதைச் சோதிக்கவும் முடிகிறது: யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கும் அந்தக் கித்தானின் முன் நின்று, சிவப்புச் சுவரும் பச்சைக் கூரையும் அவர் சொன்ன வேலையைச் செய்கின்றனவா என்று யாரும் கேட்டுப் பார்க்கலாம். சார்ல் பிளாங்கின் நூல்கள் வழியே அவர் கற்ற தெலாக்ருவாவின் வண்ணக் கோட்பாடு அங்கே நடைமுறையில் இருப்பதையும் காணலாம். உணர்வைப் பற்றிய கூற்று ஒரு பொருள்சார்ந்த முடிவில் வேரூன்றியிருந்தால் அதைச் சான்றாக ஏற்கலாம். அந்த வேர் இல்லாத இடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும்.

வேட்கைகளைப் பற்றி எழுதிய அந்த முதல் கடிதத்தில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு செய்தியும் உண்டு. விடுதி உரிமையாளருக்கு இவ்வளவு வாடகை கொடுத்ததற்குப் பழிவாங்கவே அவருடைய கடை முழுவதையும் வரையப் போவதாக வான் கோ வேடிக்கையாகச் சொல்கிறார். மூன்று இரவுகள் விழித்து வரைந்து பகலில் தூங்கினார். வாடகைக் கணக்கும் தூக்கமிழந்த கண்களும் வண்ணக் கோட்பாடும் ஒரே தாளில் கலந்திருக்கின்றன. நூல்களில் எடுத்தாளப்படுவது பெரும்பாலும் வேட்கை பற்றிய வரி மட்டுமே. இப்படிப் பொறுக்கி எடுத்த வரிகளைக் கோத்துத்தான் ‘உத்வேகம்’ என்ற கதை உருவாகிறது.

இனி, ஓவியர் ஏறக்குறைய பேசாமலே விட்ட இடத்துக்கு வருவோம். இன்று உலகமே அறிந்த ‘விண்மீன் இரவு’ பற்றி, 1889 ஜூன் நடுவில் சாங் ரெமி மருத்துவமனையிலிருந்து எழுதிய கடிதத்தில் இருப்பது ஒலிவ மரங்கள் உள்ள ஒரு நிலக்காட்சியோடு சேர்த்துச் சொன்ன ஒரு குறிப்புதான்: விண்மீன் வானத்தைப் பற்றிய புதிய பயிற்சி ஓவியம். அதற்குச் சற்று முன்பு, சன்னல் வழியே விடியலுக்கு முன் வெள்ளியைப் பார்த்ததாகவும் அது மிகப் பெரிதாகத் தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். இந்த மௌனத்தின் மேல்தான் பிற்காலம் பித்து, மரணம், பிரபஞ்ச தரிசனம் என்று அடுக்கடுக்காக எழுதிவைத்தது.

அந்த ஓவியத்தின் மீது அவர் சொன்ன தீர்ப்பு ஒன்று உண்டு, அது கடுமையானது. 1889 நவம்பரில் ஓவிய நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில், விண்மீன்களை மிகப் பெரிதாக வரைய மீண்டும் தன்னை அனுமதித்துவிட்டதாகவும் அது இன்னொரு தோல்வி என்றும் சொல்கிறார். இதை மட்டும் படித்தவர், ஓவியரே நிராகரித்த படைப்பை நாம் கொண்டாடுகிறோம் என்று முடிவு செய்யக்கூடும். கடிதத்தின் சூழலைப் பாருங்கள். பெர்னாரும் கோகானும் விவிலியக் காட்சிகளைக் கற்பனையில் வரைந்துகொண்டிருந்தார்கள். கண்முன் இருக்கும் இயற்கையை விட்டுக் கருத்துலகுக்குப் போவது ஆபத்து என்று அந்தக் கடிதத்தில் வான் கோ நண்பரோடு மல்லுக்கு நிற்கிறார். நானும் அந்த வழியில் போய்ப் பார்த்துத் திரும்பியவன்தான் என்று சொல்ல அவருக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. தன் ஓவியத்தையே அதற்குப் பலி கொடுத்தார். அதற்கு முந்தைய மாதந்தான் தியோ, நிலவொளியில் கிராமம் இருக்கும் ஓவியத்தைச் சுட்டி, நடையைத் தேடும் முயற்சி பொருள்களின் மெய்யான உணர்வைக் குறைத்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். தம்பியின் சொல் தைத்த நிலையில், நண்பனோடு வாதிடும் வேகத்தில் பிறந்த தீர்ப்பு அது. அதை ஜூன் மாதத்து ஓவியத்தின் நோக்கமாகப் பின்னோக்கிப் பொருத்த இயலாது.

கடிதத்தின் பெரும் பலம் அதற்குத் தேதியும் முகவரியும் இருப்பது. நினைவுக்குறிப்பில் முகவரி கரைந்துவிடும். காண்டின்ஸ்கி 1913இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில், மியூனிக் பணிமனையில் ஓர் அந்திப்பொழுதில் பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்த தம் ஓவியத்தையே அடையாளம் தெரியாமல் பார்த்து வியந்ததாகவும், பொருளுருவம் ஓவியத்துக்குக் கேடு என்று அப்போது உணர்ந்ததாகவும் எழுதினார். அழகான நிகழ்ச்சி, நடந்தும் இருக்கலாம். ஆனால் அது எழுதப்பட்டது அருவ ஓவியத்துக்காக அவர் பொதுவெளியில் வாதாடிக்கொண்டிருந்த ஆண்டில். தீட்சை பெற்ற கதை போன்ற அதன் வடிவம் வாதத்தின் தேவையிலிருந்து வந்தது.

ஜாக்சன் பொலாக்கின் ‘சுவரோவியம்’ இன்னும் தெளிவான உதாரணம். சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைமின் வீட்டுக்காக 1943இல் வரைந்த, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள அந்தக் கித்தானை ஒரே இரவில் வெறியோடு முடித்தார் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கதை. கெட்டி நிறுவனத்தின் பாதுகாப்பு வல்லுநர்கள் 2012 முதல் 2014 வரை அதைத் துலக்கி ஆராய்ந்தபோது, கீழ் அடுக்கு உலர்ந்த பிறகே மேல் அடுக்குகள் சில பூசப்பட்டிருப்பதைக் கண்டார்கள். தைலவண்ணம் ஓர் இரவில் உலராது. பொலாக்கே 1944 ஜனவரியில் தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில், கோடையில் அதை வரைந்ததாகச் சாதாரணமாகக் குறிப்பிட்டிருக்கிறார். குடும்பத்துக்கு எழுதிய, யாரையும் மயக்க வேண்டிய தேவையில்லாத அந்த ஒரு வரி, பல ஆண்டுகள் பரவிய தொன்மத்தைவிடக் கித்தானுக்கு நெருக்கமாக நிற்கிறது.

செய்முறைப் பேச்சு நம்பத்தக்கது என்றேன். அதுவும் ஒருவரை நோக்கியே சொல்லப்படுகிறது என்பதை மாட்டிஸ் காட்டுகிறார். 1935இல் ‘இளஞ்சிவப்பு நிர்வாணம்’ ஓவியத்தைப் பல மாதங்கள் திருத்தித் திருத்தி வரைந்தார். வண்ணத்தாளை வெட்டிக் கித்தானில் குத்திவைத்து வடிவத்தை நகர்த்திப் பார்த்தார். ஒவ்வொரு நிலையும் புகைப்படமாக்கப்பட்டது. அப்படி எடுத்த 22 படங்களைச் சேகரிப்பாளர் எட்டா கோனுக்கு அனுப்பினார், ஓவியமும் இன்று பால்டிமோரில் இருக்கிறது. படங்களை வரிசையாகப் பார்த்தால், அறையின் ஆழம் படிப்படியாகத் தட்டையாவதும், உடல் விரிந்து சட்டத்தின் விளிம்பைத் தொடுவதும் தெரியும். கலைஞர் வாயால் சொல்லும் எந்த விளக்கத்திலும் இந்த நுணுக்கத்துக்கு ஈடில்லை. ஓவியர் எதை விட்டுவிட்டார் என்பதை இதைவிட நேராகச் சொல்லும் ஆவணம் அரிது.

1945 டிசம்பரில் பாரிஸின் மேக்ட் கூடத்தில் அவர் தம் ஓவியங்களைச் சுற்றி அவற்றின் படிநிலைப் புகைப்படங்களை மாட்டி வைத்தார். ‘எளிதாக வரைந்து தள்ளுபவர்’ என்ற பழியை எதிர்கொண்டிருந்த ஒருவர் தம் உழைப்பைச் சுவரில் ஏற்றிக் காட்டினார். ஆனால் 1948இல் பிலடெல்பியா கண்காட்சியை ஒட்டி அதன் பொறுப்பாளர் ஹென்றி கிளிஃபோர்டுக்கு எழுதிய கடிதத்தில், தம் முயற்சிகளை எப்போதும் மறைக்கவே விரும்பியதாகவும், தம் ஓவியங்களில் வசந்தத்தின் இலகு இருக்க வேண்டும் என்று நினைத்ததாகவும் சொல்கிறார். அந்த இலகுவைக் கண்டு இளைய ஓவியர்கள் உழைப்பில்லாமல் இது கைகூடும் என்று எண்ணிவிடுவார்களோ என்ற கவலையும் அதே கடிதத்தில் இருக்கிறது. காட்டியவரும் மறைக்க விரும்பியவரும் ஒருவரே. 1945இல் முன்னே நின்றவர்கள் பாரிஸின் விமர்சகர்கள், 1948இல் மனத்தில் இருந்தவர்கள் இன்னும் வரையக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்ட பிறகும் அந்த 22 புகைப்படங்களில் கைகளும் கால்களும் இடம் மாறுகிற வரிசை மாறுவதில்லை. மாட்டிஸ் பற்றிய ஆய்வு அந்த வரிசையிலிருந்து தொடங்கலாம். அவர் என்ன நினைத்தார் என்பதை அதற்குப் பிறகு, யாரிடம் சொன்னார் என்ற குறிப்போடு சேர்த்துக் கேட்கலாம்.